புகைக்கூடத்தில் காய்ந்த துணிகள்

எங்கள் பக்கத்துக் குளிரை யாரும் குளிர் என்று ஒப்புக்கொள்வதில்லை. நுவரெலியாவில் இருந்து வந்த ஆசிரியை ஒருவர் நான் படிப்பிக்கும் பாடசாலையில் இருக்கிறார். "இதெல்லாம் ஒரு குளிரா டீச்சர்?" என்று சிரிப்பார். புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, கீழ்ப்பாதி ரப்பரும் மேல்பாதி தேயிலையுமாக இருக்கும் எங்கள் தோட்டத்தில் புல் நுனியில் பனி உறைவதில்லைதான். அங்கே குளிர் ஈரத்தோடு வரும். மழை பெய்து, நின்று, மறுபடி பெய்து, சுவர் ஊறி, பாய் ஊறி, போத்தலில் உப்பு நீர்விட்டு, அதற்குப் பிறகுதான் குளிர் வந்து உட்காரும். உட்கார்ந்தால் தை மாதம் வரைக்கும் எழும்பாது.

அந்தக் குளிருக்குள்தான் பிறந்து சில நாளே ஆன என் மகளைக் கொண்டுபோனேன்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். குழந்தைக்கு மூன்று மாதம் ஆகும்வரை தாயும் பிள்ளையும் அங்கேயே இருப்பார்கள். நானும் கணவரும் கேகாலை டவுனில் வாடகை வீட்டில் இருந்தோம். அவருடைய அம்மாவும் எங்களோடு. "லயத்துல எப்பிடிம்மா பச்சப்புள்ளய வச்சுக்குவ? இங்கயே இரேன். ஒங்கம்மாவ இங்க வரச்சொல்லு" என்றார் மாமியார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் 'லயத்துல' என்ற சொல்லை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான அந்த லயத்தில் இருந்துதான் நான் பல்கலைக்கழகம் வரைக்கும் போய் வந்தேன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனதில்லை. அம்மா கையெழுத்துப் போடப் பழகியதே என்னிடம்தான்.

"நானும் அங்கதான் அத்த வளந்தேன்" என்றேன். அதோடு பேச்சு முடிந்தது.

அப்பாவுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. பேத்தியின் முதல் பொங்கல் தன் வீட்டில் நடக்க வேண்டும். பிள்ளை கார்த்திகையில் பிறந்தாள். மூன்று மாதக் கணக்கில் பொங்கல் எப்படியும் உள்ளே வந்துவிடும் என்பதால் அதில் கேள்விக்கே இடமில்லை என்று அவர் நினைத்தார். நான் ஆஸ்பத்திரியில் இருந்து வருவதற்கு முன்பே லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

"இந்த வருசம் எங்க வாசல்லதான் மொதல்ல பொங்கும். பேத்தி வாரா."

"வாரது ஒரு முழம் புள்ள. அது பானைய கிண்டப்போவுதாக்கும்" என்றாராம் பக்கத்து வீட்டுப் பெரியம்மா.

தோட்டத்தில் அப்பாவுக்கு ரப்பர் புகைக்கூடத்தில் வேலை. உறைந்த ரப்பர் பாலை உருளையில் கொடுத்துச் சீட்டுகளாக எடுத்து, கம்புகளில் தொங்கவிட்டு, கீழே விறகு எரித்துப் புகையிலும் சூட்டிலும் காய வைக்கும் இடம் அது. சீட்டு தேன் நிறத்துக்கு வரும்வரை நெருப்பு குறையவும் கூடாது, கூடவும் கூடாது. அப்பா சாயந்தரம் போனால் விடியற்காலையில்தான் வருவார். எங்கள் தோட்டத்திலேயே குளிராத ஒரே இடம் அதுதான். சின்ன வயதில் மழையில் நனைந்து வரும்போது அதன் பின்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பேன். வெள்ளைச் சட்டையில் புகையும் ரப்பரும் கலந்த அந்த வாசனை ஏறிவிடும். வகுப்பில் ஒருத்தி மூக்கைப் பொத்தினாள். அந்தத் தவணைப் பரீட்சையில் அவளைவிட நிறையப் புள்ளி எடுத்தேன். அப்போது எனக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான்.

நான் வருவதற்கு முன் அப்பா அறையைத் தயார் செய்திருந்தார். லயத்துக் கூரை தகரம். குளிர் காலத்தில் உள்ளே நாம் விடும் மூச்சும் அடுப்பு ஆவியும் மேலே போய்த் தகரத்தில் பட்டுத் தண்ணீராகிவிடும். விடியும் நேரத்தில் தகரம் வேர்த்துச் சொட்டும். மழை இல்லாவிட்டாலும் சொட்டும். இதைத் தடுக்க அப்பா உரப் பைகளைக் கழுவி, பிரித்து, ஒன்றோடு ஒன்று தைத்து, கட்டிலுக்கு மேலே கூடாரம்போல் கட்டியிருந்தார். பைகளில் இருந்த எழுத்துகள் தலைகீழாகத் தெரிந்தன. "டீச்சரம்மா படுத்துக்கிட்டே படிக்கலாம்" என்றார். நான் ஆசிரியையானதில் இருந்து என்னை அப்படித்தான் கூப்பிடுவார், பாதி கேலியும் பாதி பெருமையுமாக.

பிள்ளையைத் தூங்க வைப்பதில் எனக்கும் அம்மாவுக்கும் முதல் நாளே சண்டை தொடங்கிவிட்டது. நான் பலகைமேல் கெட்டியான சின்ன மெத்தையைப் போட்டு, அதில் விரிப்பை இறுக்கிச் செருகி, பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்தேன். தலையணை இல்லை. போர்வை இல்லை. கைகால் மூடிய சட்டை ஒன்று, அதற்குமேல் கம்பளிச் சட்டை ஒன்று. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"என்னா இது, கருவாடு காயப்போட்ட மாதிரி! ஒரு துணிய போத்துனா என்னா?"

"மூஞ்சில ஏறிரும்மா. அதுக்கு எடுத்துப்போடத் தெரியாது."

"ஒனக்கு மட்டும் தெரிஞ்சிச்சா? கம்பளிக்குள்ள சுருட்டித்தான் ஒன்ன கெடத்தினேன். சாவலயே நீ. படிச்சு எனக்கே பாடம் நடத்துற."

"கைய தொட்டுப் பாருடி, ஐஸ் மாதிரி இருக்கு" என்பார் அடுத்த நிமிடம். கை குளிர்ந்திருந்தால் பரவாயில்லை, பிடரியைத் தொட்டுப் பாருங்கள், அங்கே சூடு இருந்தால் போதும் என்பேன். அம்மா தொட்டுப் பார்ப்பார். சூடாக இருக்கும். அதற்காக ஒத்துக்கொள்ள மாட்டார்.

இதெல்லாம் சின்னச் சண்டைகள். சாயந்தரத்துக்குள் ஆறிவிடும். ஆறாதது துணி.

கார்த்திகை முழுக்க மழை. மார்கழியிலும் மழை விட்டபாடில்லை. பிள்ளை நனைக்கும் துணிக்குக் கணக்கே இல்லை. வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் கட்டிய கொடியில் துணிகள் நாள்கணக்காகத் தொங்கின. தொங்கிக்கொண்டே பூஞ்சை மணம் பிடித்தன. அடுப்புக்கு மேலே கட்டினால் கரி விழுந்தது. இஸ்திரிப் பெட்டியைச் சொருகினால் லயம் முழுக்கக் கரண்ட் போனது. ஒவ்வொரு வாசலில் இருந்தும் ஒவ்வொரு வசவு வந்தது. குளிரில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஈரத்துணிக்குப் பயப்படுவதைப்போல ஒரு பயம் இல்லை. ஒரு நாள் அரைகுறையாய்க் காய்ந்திருந்த துணியைக் கட்டிவிட்டு, பிள்ளையின் கால் இரண்டும் விறைத்து நீலமாகப்போவதைப் பார்த்து நான் அழுதேன்.

அப்பா சாயந்தரம் வேலைக்குக் கிளம்பும்போது ஈரத்துணிகள் அத்தனையையும் உரப் பையில் கட்டி எடுத்துக்கொண்டு போனார்.

விடியற்காலையில் அவர் வந்தபோது வயிறு பெருத்திருந்தது. சட்டைக்குள் இருந்து துணிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். மழையில் நனையாமல் நெஞ்சோடு கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். எல்லாம் முறுமுறுவென்று காய்ந்திருந்தன. அதைவிடப் பெரிய விஷயம், சூடாக இருந்தன. ஒன்றை எடுத்துப் பிள்ளைக்குச் சுற்றினேன். தூக்கத்திலேயே அவளுடைய கால்விரல்கள் விரிந்தன.

"சீட்டுக்குப் பக்கத்துல போடல. மேக்கம்புல, தனியா போட்டேன்" என்றார் அப்பா.

அன்றில் இருந்து அது நடைமுறையாகிவிட்டது. பெரியம்மா சும்மா இருப்பாரா?

"ஏப்பா, பாத்து. புள்ளையையும் சீட்டுன்னு நெனச்சு லொறியில ஏத்திவிட்டுறாத."

"ஏத்துனா மொதத் தரம்னுதான் போவும் மதினி. ஒங்க ஆளுங்க மாதிரி கழிச்சுப்போட மாட்டாங்க."

அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்தது. அந்த இரண்டு வாரங்களில் எங்கள் வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம். அப்பா வேலை முடிந்து வந்து, மலைத்தண்ணீர் விழும் பீலியில் கைகால் கழுவிக்கொண்டு, நான் பல் விளக்கித் தேத்தண்ணீர் குடிக்கும்வரை பிள்ளையை மார்பில் சாய்த்துக்கொண்டு இஸ்தோப்பில் நிற்பார். மலைக்குக் கீழே ரப்பர் மரங்கள் பனிக்குள் கறுப்பாகத் தெரியும். பிள்ளை அவர் கழுத்தில் மூக்கை வைத்துக்கொண்டு தூங்குவாள். தூக்கம் வந்ததும் தொட்டிலிலோ தோளிலோ நெடுநேரம் விடாமல் மெத்தைக்கு மாற்றிவிட வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். "இன்னும் ஒரு நிமிசம் டீச்சரம்மா" என்பார்.

பிறகு பிள்ளையின் மூச்சில் ஒரு சத்தம் வந்தது. காய்ச்சல் இல்லை. பால் குடித்தாள். மூச்சு இழுக்கும்போது மட்டும், கதவிடுக்கில் காற்று நுழைவதுபோல ஒரு மெல்லிய சத்தம். குளிர் என்றார் அம்மா. படுக்கைக்குக் கீழே கரிச்சட்டி வைக்க வேண்டும் என்றார். நான் வேண்டாம் என்றேன். நான் குளிக்கப் போன நேரத்தில் வைத்தும்விட்டார்.

அந்த நேரம் பார்த்து மிட்வைஃப் வந்தார். சிங்களப் பெண். தோட்டத்துக்கு வந்து வந்து கொஞ்சம் தமிழ் பழகியவர். உள்ளே வந்ததும் முதலில் கரிச்சட்டியைத்தான் பார்த்தார்.

"அம்மா, இது வேணாம். காம்பரா சின்னது, ஜன்னல் மூடி, நெருப்பு வைச்சா... பபா தூங்கும். பொறகு முழிக்காது."

அம்மா சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். மிட்வைஃப் பிள்ளையின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். மெத்தையைத் தட்டிப் பார்த்து என்னிடம் நல்லது என்று தலையாட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு குனிந்தவர் அப்படியே நின்றார். பிள்ளையின் சட்டையை எடுத்து முகர்ந்தார். அடுக்கி வைத்திருந்த துணிகளை முகர்ந்தார்.

"மே மொனவத? தும் கந்தய் நே" என்றார். இது என்ன, புகை நாற்றம் என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். சிங்களத்திலேயே பேசினார், கோபமில்லாமல். குளிர் பிள்ளைக்கு அவ்வளவு கெடுதல் இல்லை, சூடாக உடுத்திவிடலாம். புகை கெடுதல். துணியில் இருக்கும் புகையும் புகைதான். புகையில் வேலை செய்கிறவர் உடம்பில் இருப்பதும் அதுதான். குளித்து, உடுப்பு மாற்றிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். இந்தச் சத்தம் அதிகமானால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அப்பா இஸ்தோப்பில் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் சொற்களைத் தேடினேன். கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் சுற்றிவளைத்து. அதற்கு அவசியம் இருக்கவில்லை. சிங்களம் அவருக்கு என்னைவிட நன்றாக வரும்.

"ஹரி மிஸ்" என்றார் வாசலில் இருந்தே. சரி என்று.

அன்றோடு துணிகள் புகைக்கூடத்துக்குப் போகவில்லை. இருந்தவற்றை எல்லாம் அம்மாவும் நானும் மறுபடி துவைத்தோம். அப்பா மார்கழிக் குளிரில் விடியற்காலையில் பீலிக்கு அடியில் நின்று சவர்க்காரம் போட்டுக் குளித்தார். அம்மா திட்டினார். "இந்த வயசுல இந்தத் தண்ணில நின்னு செத்துத் தொலைய போறியா?" குளித்து, கொடியில் இருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு, பிள்ளைக்குப் பக்கத்தில் வந்து கையை மூக்கருகே கொண்டுபோவார். இத்தனை வருடப் புகை ஒரு சவர்க்காரத்துக்குப் போகுமா? முகர்ந்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். "தூக்குங்கப்பா, அதான் குளிச்சிட்டீங்களே" என்று ஒவ்வொரு நாளும் சொன்னேன். "ஈரமா இருக்கேன், பொறகு" என்பார். அந்தப் பிறகு வரவில்லை.

துணி பழையபடி ஈரத்தில் தொங்கியது. கணவர் டவுனில் இருந்து கொஞ்சம் காய்ந்த துணியும், தூக்கிப்போடும் நாப்கினும் கொண்டுவந்தார். அது எத்தனை நாளைக்கு? ஒரு மத்தியானம் பெரியம்மா வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டே அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

"மேல தேயில பெக்டரிக்குப் போனியாமே? கொழுந்து வாட்டுற மாடியில புள்ள துணி காயப்போட எடம் கேட்டியாம். பெக்டரிய பாக்குற டீமேக்கரு சிரிச்சாராமே."

அப்பா எழுந்து விறகு பிளக்கப் போனார்.

கொழுந்து வாட்டும் மாடியில் சூடான காற்று மட்டும் வரும், புகை இல்லை. சரியாகத்தான் யோசித்திருக்கிறார். ஆனால் குடிக்கிற தேயிலை காயும் இடத்தில் பிள்ளைத் துணியை யார் விடுவார்கள்? எனக்கு அது கஷ்டமாக இல்லை. அவர் கேட்கப் போனதுதான் கஷ்டமாக இருந்தது. நான் பல்கலைக்கழகம் போகும்போது பெட்டி வாங்கக்கூட யாரிடமும் போய் நிற்காதவர். என் தலைநிமிர்வு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களிடம் நான் அவரைத்தான் காட்டுவேன்.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருந்தது. மழை விட்டு, கடும் குளிர் பிடித்த ஒரு விடியற்காலை. பிள்ளை சிணுங்கும் சத்தம் கேட்டு எழுந்தேன். வழக்கம்போல் பிடரியைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. சட்டை முதுகுவரை நனைந்திருந்தது. மேலே பார்த்தேன். உரப் பைக் கூடாரம் தகரத்து வேர்வையை எல்லாம் பிடித்து வைத்து, பாரம் தாங்காமல் நடுவில் தொங்கி, ஒரு தையல் விட்டுப்போய், அந்த ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாகப் பிள்ளைமேல் விழுந்துகொண்டிருந்தது. அவளை என் வெறும் மார்போடு அணைத்து, என் கம்பளிச் சட்டையை மூடி, உடம்பு சூடு ஏறும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன். நெஞ்சுச் சத்தம் மறுபடி கேட்டது. அம்மா நின்றுகொண்டு எல்லாச் சாமியையும் கூப்பிட்டார்.

வெளிச்சம் வந்ததும் கணவருக்கு போன் பண்ணி, வந்து கூட்டிப்போகச் சொன்னேன்.

அப்பா வேலையில் இருந்து வந்து, கூடாரத்தைப் பார்த்தார். கட்டில்மேல் ஏறி நின்று விட்டுப்போன தையலை விரலால் பிரித்துப் பார்த்தார். "ரெட்டத் தையல் போட்டுருக்கணும்" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"இதத் தைச்சுட்டா... ஒரு வாரம் இருக்க முடியாதா பாப்பா?"

பாப்பா என்று அவர் என்னைக் கூப்பிட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

"முடியாதுப்பா" என்றேன்.

இன்றைக்கும் அதே பதிலைத்தான் சொல்வேன். ஈரக் கூரைக்குக் கீழே, நெஞ்சில் சத்தம் வைத்துக்கொண்டிருந்த பிள்ளையை ஒரு பண்டிகைக்காக யாரும் வைத்திருக்க முடியாது. மிட்வைஃப் சொன்னதும் சரி. பிறகு பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டியபோது ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதும் அதே. சரியானதைச் செய்தால் மனது நிம்மதியாகிவிடும் என்று படிக்கும் காலத்தில் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. லயத்தில் பிள்ளை வளர்க்க முடியும் என்று காட்டப்போன நான், முடியாது என்று எல்லோரும் பார்க்க த்ரீவீலில் ஏறி உட்கார்ந்தேன். டவுன் வீட்டில் மாமியார் வாசலில் நின்று பிள்ளையை வாங்கினார். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

பொங்கலன்று அப்பாவும் அம்மாவும் பானையோடு டவுனுக்கு வந்தார்கள். வாடகை வீட்டில் முற்றம் கிடையாது. கேஸ் அடுப்பில்தான் பொங்கினோம். பால் பொங்கியதும் அம்மா குரல் கொடுத்தார். அப்பா வாய் திறந்து, பக்கத்து வீட்டுக்காரர்களை நினைத்தோ என்னவோ, மூடிக்கொண்டார். அன்று அவர் போட்டிருந்தது புதுச் சட்டை. மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது. பஸ்ஸில் வரும் வழியில் வாங்கி, கேகாலை பஸ் ஸ்டாண்டில் மாற்றிக்கொண்டாராம். அம்மா என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

பிள்ளை உள்ளறையில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு சத்தமில்லாமல் வந்து போனது. மேலே தட்டுப் போட்ட, சொட்டாத கூரை, மூலையில் காய்ந்த துணிகளின் அடுக்கு. அப்பா வாசற்படியில் நின்று அதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நல்லா இருக்கு டீச்சரம்மா" என்றார்.

"உள்ள வாங்கப்பா. தொட்டுப் பாருங்க."

வந்தார். குனிந்தார். கையை நீட்டினார். நடுவழியில் அந்தக் கை திரும்பி அவர் மூக்குக்குப் போனது. முகர்ந்துவிட்டு, புதுச் சட்டையின் பைக்குள் அதைப் போட்டுக்கொண்டார்.

"நீயே பாத்துச் சொல்லு. பெடரி சூடா இருக்கா?"

நான் தொட்டேன்.

"இருக்குப்பா."

"அது போதும்" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போய் உட்கார்ந்தார்.